கவுன்டரில் காசு எண்ணினவள்

பெரில் ஹார்ட்லிக்கு நிதித்துறையில் முப்பத்தெட்டு வருட அனுபவம் உண்டு என்று லண்டன் தரகுக் கம்பெனி ஒன்று எழுதி வைத்திருந்தது. முதலில் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதற்குப் பிறகு வந்த கோபம் இன்றுவரை அடங்கவில்லை. ஆறப்போட்டு எழுதலாம் என்று இரண்டு வருடம் பார்த்தேன். ஆறுவதாக இல்லை, அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

அந்த முப்பத்தெட்டில் இருபத்திரண்டு வருடம் நான் அவளுக்கு அடுத்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். வட இங்கிலாந்தில் ஓட்லி என்ற ஊரின் கடைத்தெருவில், சேமிப்பு வாங்கி வீட்டுக்கடன் கொடுக்கும் சங்கம் ஒன்றின் கிளை அது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூன்று ஜன்னல்கள். என் ஜன்னல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் ஆட்கள் பெரில் முன்னால்தான் வரிசை கட்டுவார்கள். நான் என்ன கடித்தா வைக்கிறேன் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "நீங்க கத்துவீங்க எய்லீன், பெரில் கேப்பாங்க," என்றார் இறைச்சிக்கடைக்காரர். பொய் என்று சொல்ல முடியவில்லை.

பெரில் எல்லோரிடமும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தக் காசு உங்களுக்கு எப்போது தேவைப்படும்? இரண்டு வருடத்தில் வேண்டும் என்றால் சாதாரணச் சேமிப்பில் போடச் சொல்வாள். பத்து வருடம் தேவையில்லை என்றால், எங்கள் சங்கத்துக்கு ஒரு பைசா லாபமில்லாத வழியைச் சொல்வாள். தபால் ஆபீசுக்குப் போய் அரசாங்கக் கடன்பத்திரம் வாங்குங்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பாள். மேலாளர் பார்த்தால் முறைப்பார். அவள் கண்டுகொள்ள மாட்டாள். பத்திரம் வாங்கியவர்கள் விலை இறங்கிவிட்டது என்று பதறிக்கொண்டு வந்தால், அவள் சொல்லும் வாசகம் எனக்கு மனப்பாடம். விலை எண்பதுக்குப் போனாலும் எழுபதுக்குப் போனாலும் விற்காதீர்கள், முதிர்வு நாள்வரை கையில் வைத்திருந்தால் அரசாங்கம் முழு நூறையும் கொடுத்தே தீரும். அது சத்தியமான வார்த்தை. அந்த வார்த்தைதான் கடைசியில் அவளைக் குழியில் தள்ளியது.

2018இல் கிளையை மூடினார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கேக், ஒரு அட்டை, ஆளுக்கொரு காசோலை. பெரிலுக்கு அப்போது ஐம்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. மலைச்சரிவில் வரிசைவீடு ஒன்று இருந்தது, இருபத்தைந்து வருடம் தவணை கட்டி முடித்தது. அறுபது வயதில் அரசாங்கப் பென்ஷன் வரும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளில் சொன்னார்கள். நடுவில் அரசாங்கமே அதை அறுபத்தாறுக்குத் தள்ளிவிட்டது. எங்கள் வயதுப் பெண்கள் லட்சக்கணக்கானவர்களுக்கு இந்த அநியாயம் நடந்தது. ஆறு வருட இடைவெளியை அவள் எப்படித் தாண்டுவது? வேலை போனதற்குக் கொடுத்த பணமும் சேமிப்பும் சேர்த்து நாற்பத்தாறாயிரம் பவுண்டு கையில் இருந்தது. அதை முழுங்காமல் அதிலிருந்து வரும் வட்டியில் காலம் தள்ள வேண்டும் என்று நினைத்தாள். இதில் என்ன பேராசை இருக்கிறது? ஆனால் பிற்பாடு ஊரில் சிலர் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். அவர்களோடு நான் இப்போது பேசுவதில்லை.

இப்படித்தான் 2021இல், அரசாங்கக் கடன்பத்திரத்தில் பணம் போடுங்கள் என்று ஒரு விளம்பரம் அவள் கணினியில் வந்தது. மற்ற விளம்பரங்களை எல்லாம் அவள் நம்பாதவள். பங்கு, தங்கம், கண்ணுக்குத் தெரியாத நாணயம் என்று எது வந்தாலும் மூடிவிடுவாள். இதில் அரசாங்கப் பத்திரம் என்று இருந்ததால் நின்று பார்த்தாள். போன் பண்ணினாள். ஜாஸ்பர் என்ற ஒரு பையன் எடுத்தான். பட்டுப்போன்ற குரல் என்றாள் பெரில். எனக்கு அவன் குரலைக் கேட்கும் பாக்கியம் பிறகுதான் கிடைத்தது.

அவன் விற்றது பத்திரமே இல்லை. பத்திரத்தின் விலை ஏறுமா இறங்குமா என்று கம்பெனியோடு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். ஏறினால் வித்தியாசத்தை அவர்கள் தருவார்கள், இறங்கினால் நாம் தர வேண்டும். பத்திரம் யார் கைக்கும் வராது, முதிர்வு நாளும் நமக்கு இல்லை. அரசாங்கத்துக்கு நம் பெயர்கூடத் தெரியாது. குதிரைமேல் பணம் கட்டினால் குதிரை நம்முடையது ஆகிவிடுமா? இந்த விவரமெல்லாம் படிவத்தில் இருந்தது, அவளும் படித்தாள். இந்தக் காலத்தில் பத்திரத்தை இப்படித்தான் வாங்குகிறார்கள், காகிதமெல்லாம் போய்விட்டது என்று ஜாஸ்பர் சொன்னான். சங்கத்தில் சேமிப்புப் புத்தகம் போய் பிளாஸ்டிக் அட்டை வந்ததைப் பார்த்தவள் அவள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போட்ட பணத்தைப்போல எத்தனை மடங்குக்கு இந்த ஒப்பந்தம் போடலாம் என்று சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. கம்பெனிப் பங்கென்றால் ஐந்து மடங்கு. அரசாங்கப் பத்திரமென்றால் முப்பது மடங்கு. ஏன் என்றால் அது பாதுகாப்பானதாம், அதிகம் ஆடாதாம். எது ஆபத்தில்லாததோ அதில்தான் கழுத்துவரை இறங்க விடுகிறார்கள். இந்தச் சட்டத்தை எழுதினவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே எழுதினார்கள்?

வாரத்துக்கு ஒன்று என்று சின்னதாக வாங்கி விற்றுப் பழகுங்கள் என்றான் ஜாஸ்பர். ஒரு வருடம் பழகினாள். சில வாரம் பத்து பவுண்டு வந்தது, சில வாரம் எட்டு போனது. வெள்ளிக்கிழமை நாங்கள் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிடும்போது என்னிடம் கணக்குச் சொல்வாள். எனக்கு எதுவோ இடித்தது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. அரசாங்கப் பத்திரம் என்று அவள் சொன்னால் அது அரசாங்கப் பத்திரம்தான் என்று இருந்துவிட்டேன். அவளுக்குத் தெரியாததா?

அந்த வாராந்தரப் பழக்கம் எதற்கென்று வருடக் கடைசியில் தெரிந்தது. சாதாரண வாடிக்கையாளருக்குச் சட்டம் இரண்டு பாதுகாப்பு தருகிறது. நஷ்டம் ஒரு எல்லையைத் தொட்டால் கம்பெனி தானாகவே ஒப்பந்தத்தை முடித்துவிட வேண்டும். போட்ட பணத்துக்கு மேல் ஒரு காசுகூடக் கேட்கக் கூடாது. ஆனால் தொழில்முறை வாடிக்கையாளர் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டும் போய்விடும். அதற்குத் தகுதி வேண்டும். மூன்று மாதத்துக்குப் பத்து வீதம் வருடம் முழுக்க வியாபாரம் செய்திருக்க வேண்டும், அதை அவன் பழக்கம் என்ற பெயரில் செய்ய வைத்துவிட்டான். கூடவே, நிதித்துறையில் பொறுப்பான வேலை பார்த்த அனுபவம் வேண்டும்.

அதற்காக ஜாஸ்பர் அவளுக்குப் போன் பண்ணிப் பேசியதன் பதிவைப் பிற்பாடு நான் கேட்டேன்.

"நிதித்துறையில எப்பவாவது வேலை பாத்திருக்கீங்களா, மிஸ் ஹார்ட்லி?"

"முப்பத்தெட்டு வருஷம் பாத்தேன் தம்பி."

"அடேங்கப்பா. அப்ப நீங்க எனக்கே சொல்லித் தரலாமே. உங்களைப் போயி சாதாரண கணக்குல வெச்சிருக்கமே, தப்பில்லையா?"

பதிவில் அதற்குப் பிறகு பெரில் சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் ஒருத்தனும் அவளிடம் அந்த மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஓட்லியில் எங்கள் கிளைக்கு வந்த பதினோரு மேலாளர்களும் உட்பட. அந்தச் சிரிப்புக்குத்தான் கையெழுத்துப் போட்டாள். பத்தில் ஏழு பேர் இதில் பணம் இழக்கிறார்கள் என்று அவள் திரையின் உச்சியில் ஒரு எச்சரிக்கை தினமும் இருக்கும். மறுநாளிலிருந்து அதுவும் இல்லை. தொழில்முறைக்காரர்களுக்கு எச்சரிக்கை எதற்கு?

2022 முழுக்கப் பத்திர விலை இறங்கிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் பயந்தார்கள். பெரில் பயப்படவில்லை, அவளுக்குத்தான் விஷயம் தெரியுமே. எண்பதுக்குப் போனால் என்ன, கையில் வைத்திருந்தால் நூறு வரும். இறங்க இறங்க மலிவு என்று இன்னும் ஒப்பந்தம் போட்டாள். வைத்திருக்க அவள் கையில் எதுவுமே இல்லை என்பதை ஜாஸ்பர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. செப்டம்பர் வந்தபோது அவள் நாற்பத்தாறாயிரத்தின்மேல் ஆறு லட்சம் பவுண்டு பத்திரத்தின் ஏற்ற இறக்கம் உட்கார்ந்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் அரசாங்கம், கடன் வாங்கி ஈடுகட்டப் போவதாக ஒரு வரிக்குறைப்புத் திட்டம் அறிவித்தது. நாட்டின் கடன்பத்திரத்தைத் தொட மாட்டோம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பாட்டன் காலத்திலிருந்து ஆடாத பண்டம் நாலு நாளில் கிணற்றில் விழுந்த வாளி மாதிரிப் போனது. திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஜாஸ்பர் போன் பண்ணி இன்னும் பணம் போடச் சொன்னான். இல்லை என்றாள். சாதாரணக் கணக்காக இருந்திருந்தால் பத்தாயிரம் மிச்சம் இருக்கும்போதே தானாக முடிந்திருக்கும். புதன்கிழமை காலையில்தான் ஒப்பந்தத்தை முடித்தார்கள். போட்டது எல்லாம் போய், அதற்கு மேல் முப்பத்திரண்டாயிரம் பவுண்டு அவள் கம்பெனிக்குத் தர வேண்டும் என்று திரை சொன்னது. அன்று மதியமே இங்கிலாந்து வங்கி பத்திரங்களை வாங்கப் போவதாகச் சொன்னது, விலை எழும்பிவிட்டது. பென்ஷன் நிதிகளைக் காப்பாற்ற வாங்கினார்களாம். பென்ஷன் வராத பெரிலைக் காப்பாற்ற யாரும் எதையும் வாங்கவில்லை.

நான் போனபோது சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். டீ போட்டிருந்தாள், குடிக்கவில்லை.

"முதிர்வு வரைக்கும் வெச்சிருப்பேன்னு சொன்னேன் எய்லீன். வெச்சிருக்க இதுல ஒண்ணும் இல்லைங்க மேடம்னு சொல்றான். இன்னிக்குத்தான் சொல்றான்."

ஒரு மாதத்தில் வக்கீல் கடிதம் வந்தது. பணம் வராவிட்டால் வழக்குப் போட்டு வீட்டை ஜப்தி செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். பெரிலிடம் மிச்சமிருந்தது அந்த வீடு ஒன்றுதான். எனக்கு லண்டனுக்கு ரயிலேறி ஜாஸ்பரின் டையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாக அவளை இலவச ஆலோசனை மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே வியாழக்கிழமைதோறும் ஆர்மிட்டேஜ் என்ற ஓய்வுபெற்ற வக்கீல் வருவார். நல்ல மனிதர். காது மந்தம், மூளை மந்தம் இல்லை.

எல்லாக் காகிதத்தையும் படித்துவிட்டு அவர் சொன்னது இதுதான். நிதிக் கம்பெனிகள்மேல் வரும் புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எல்லாமே ஒரு கேள்வியில் நிற்கிறது: பெரில் தொழில்முறைக்காரியா, இல்லையா? இல்லை என்று தீர்ந்தால் கடன் ரத்து. ஆம் என்றால் வீடு போகும். கம்பெனியின் கையில் போன் பதிவு இருக்கிறது. நம் கையில் என்ன இருக்கிறது?

பெரில் வீட்டுக்குப் போய் ஒரு கடிதம் கொண்டுவந்தாள். அப்படி ஒன்று இருப்பது எனக்கே தெரியாது. 1996இல் வீட்டுக்கடன் ஆலோசகர் வேலைக்கு அவள் மனுப் போட்டிருக்கிறாள், அதற்கு எங்கள் சங்கத்தின் பதில் அது. கவுன்டர் பணி நிதி அனுபவமாகக் கருதப்பட மாட்டாது என்று இருந்தது. அந்த வேலை, சேர்ந்து எட்டு மாதமான ஒரு பையனுக்குப் போனது. அவனுக்கு வட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது பெரில். அதை நான் என் கண்ணால் பார்த்தேன், ஆனால் அவளும் அந்த நாற்காலியைக் கேட்டிருந்தாள் என்று தெரியாது.

ஆர்மிட்டேஜ் கடிதத்தைப் பார்த்ததும் மேசையைத் தட்டினார். இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்றார். கூடவே பெரில் ஒரு வாக்குமூலமும் தர வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். நான் கவுன்டரில் பணத்தை எண்ணி வாங்கினேன், எண்ணிக் கொடுத்தேன். கடன்பத்திரம் முதலான நிதி விஷயங்கள் எனக்குத் தெரியாது, என் வேலைக்கு அவை தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இவ்வளவுதான், அரைப் பக்கம்.

பெரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

இரண்டு வாரம் அந்தத் தாள் அவள் சமையலறை மேசையில் கிடந்தது. நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன்.

"போட்டுக் குடுத்துத் தொலைடி. வீடு போயிரும்."

"அது பொய், எய்லீன்."

"பொய்யா இருந்தா என்ன? அவன் உன்கிட்ட உண்மையா சொன்னான்?"

"எனக்குப் பத்திரம் தெரியும். அவனைவிட நல்லாத் தெரியும். அவன் வித்தது பத்திரம் இல்ல, அவ்வளவுதான். அதை எழுதச் சொல்லு, போடுறேன்."

ஆர்மிட்டேஜிடம் கேட்டேன். அவர் கூடாது என்று தலையை ஆட்டினார். தெரியும் என்று ஒரு வரி எழுதினாலும் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும் என்றார். தெரியும் என்றால் வீடு இல்லை, வீடு வேண்டுமென்றால் தெரியாது. உலகத்தில் வேறு எந்தத் தொழிலிலாவது இப்படி ஒரு நியாயம் உண்டா? பதவி கேட்டபோது கவுன்டர் நிதி அனுபவம் இல்லை. அவள் பணத்தைக் கறக்க வேண்டியபோது கவுன்டர் நிதி அனுபவம் ஆனது. இப்போது பிழைக்க வேண்டுமென்றால் மறுபடி இல்லை என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். பதினைந்தாம் நாள் வக்கீலின் இரண்டாவது கடிதம் வந்தது, வழக்குத் தேதியோடு. அன்று போட்டாள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

2024 வசந்தத்தில் தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம். கடன் ரத்து, பத்தாயிரம் பவுண்டு திரும்பத் தர வேண்டும். கம்பெனி மறுபேச்சில்லாமல் கட்டிவிட்டது. அவர்களுக்கு அது ஒரு மத்தியானச் சாப்பாட்டுச் செலவு. ஜாஸ்பருக்கு என்ன ஆனது என்று விசாரித்தேன், பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. நான் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ஒரு பெரிய ரொட்டியும் ஒரு பாட்டில் ஷெர்ரி ஒயினும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். தீர்ப்பை உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன். 'மிஸ் ஹார்ட்லியின் பணி எழுத்தர் தன்மை கொண்டது. நிதி விஷயங்களைப் புரிந்துகொள்ளும் திறன் அதற்குத் தேவைப்படவில்லை, அத்திறன் அவருக்கு இருந்ததாகவும் தெரியவில்லை.'

எனக்கு ரத்தம் கொதித்தது. யார் இவர்கள், யாரைப் பற்றி எழுதுகிறார்கள் என்று ஆரம்பித்தேன். அவள் ரொட்டியை நறுக்கிக்கொண்டே என்னை நிறுத்தினாள்.

"அவங்களைத் திட்டாத. நான் எழுதிக் குடுத்ததைத்தான் திருப்பி எழுதியிருக்காங்க."

அதற்குப் பிறகு அவள் அதிகம் வெளியே வருவதில்லை. போன வெள்ளிக்கிழமை சந்தைக்கு வா என்று பிடிவாதமாகக் கூட்டிப் போனேன். பாலாடைக்கட்டிக் கடைக்கு முன்னால் வார்மல்ட் எங்களைப் பிடித்துக்கொண்டார். எழுபத்தெட்டு வயது, பழைய பஸ் டிரைவர், மனைவியை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகிறது. பெரிலுக்கு நடந்தது எதுவும் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. காப்பீட்டுப் பணம் ஒன்பதாயிரம் வந்திருக்கிறதாம். பெரிலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கைபேசியை நீட்டினார். அரசாங்கக் கடன்பத்திரம் என்று பெரிய எழுத்தில் ஒரு விளம்பரம். கம்பெனி வேறு, வார்த்தைகள் அதேதான்.

"நீங்கதான் எனக்கு அப்பவே பத்திரம் வாங்கச் சொன்னீங்க பெரில். இதுல போடலாமா?"

பெரில் அந்தத் திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கைபேசியை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க, மிஸ்டர் வார்மல்ட். நான் கவுன்டர்ல காசு எண்ணினவ."

சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வார்மல்ட் நன்றி சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார். நான் பையைக் கீழே போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். அது பத்திரமே இல்லை, சூதாட்டம், ஒரு காசு போடாதீர்கள் என்று மூச்சு வாங்க வாங்க அவர் காதருகே கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

வார்மல்ட் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க எப்பவும் கத்துவீங்க எய்லீன். தப்பா இருந்தா பெரில் சொல்லியிருப்பாங்களே."